குங்குமம் அரித்த கத்தி

கத்தி கெட்டுப்போயிருந்தது. கெடுத்தது பூசை.

மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிறது ஓடைச் சாமி மடம். அங்கே ஒரு வழக்கம். யாருக்குக் காவி கொடுத்தாலும் மடத்துத் தலைவர்தான் தன் கையால் அவர் தலையை மழிக்க வேண்டும். மடத்தை உண்டாக்கிய ஓடைச் சாமி வைத்திருந்த சவரக் கத்தியால் மழிக்க வேண்டும். வேறு கத்தி கூடாது.

காவி கேட்டு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களிலும் பாதிப் பேர் சாப்பாடு பிடிக்காமல் போய்விடுவார்கள். அதனால் கத்தி வருஷக்கணக்கில் ஒரு தகரப் பெட்டியில், எண்ணெய்த் துணிக்குள் சும்மா கிடந்தது. நன்றாகத்தான் இருந்தது.

சங்கரலிங்கம் மடத்துக்கு வந்தார். கோவில்பட்டியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். ஐம்பது தாண்டியவர். குருநாதர் கத்தி தகரப் பெட்டியில் கிடப்பதா என்று துடித்துப்போனார். எண்ணெய்த் துணியைத் தூக்கி எறிந்தார். வெள்ளியில் பெட்டி செய்து போட்டார். தினமும் விடிந்ததும் பன்னீர் தெளித்தார். சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். மூடினார். நாலு வருஷம் ஒரு நாள் தவறவில்லை.

இப்போது அவருக்கே காவி கொடுக்க முகூர்த்தம் வைத்தார்கள். பெட்டியைத் திறந்து கத்தியை விரித்தால் விரியவில்லை. பலமாக இழுத்ததும் கரக்கென்றது. கைப்பிடிக்குள் இருந்து சிவப்பாகக் கொட்டியது. குங்குமம் இல்லை. துரு.

சங்கரலிங்கம் ஓடைக்கரைக்கு ஓடினார். அங்கே வடிவேலுச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர்தான் மடத்துத் தலைவர். சங்கரலிங்கத்தைவிடப் பத்து வயது சின்னவர்.

"சாமி, கத்தி போச்சு."

"எங்க போச்சு?"

"துரு பிடிச்சிருச்சு சாமி. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்."

சாமி கத்தியை வாங்கினார். ஒரு பக்கம் பார்த்தார். மறு பக்கம் பார்த்தார்.

"இது என்ன கத்தி?"

"குருநாதர் கத்தி சாமி."

"யாரு கத்தின்னு கேக்கல. என்ன கத்தி?"

"தெய்வீகமான கத்தி."

சாமி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையை எடுத்தார்.

"சரி பண்ணிக் கொண்டாரும். பாப்போம்."

சங்கரலிங்கம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எல்லாரும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தால் அவர் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். சோறு வேகிறதா என்று நடுவில் எழுந்து போய்ப் பார்ப்பார். மடைப்பள்ளியில் சமைக்கிற அம்பலவாணன், "அண்ணாச்சி, நீங்க பாத்தா அது சீக்கிரம் வேகாது" என்று பல தடவை சொல்லிவிட்டான். கேட்கவில்லை.

அவர் நேராக மடைப்பள்ளிக்குப் போனார். புளி எடுத்தார். சாம்பல் எடுத்தார். பூசைச் சாமான் துலக்குகிற மாதிரி கத்தியைப் புளி போட்டுத் துலக்கினார். நாலு வருஷமாக அவர் துலக்காத விளக்கு இல்லை. அத்தனையும் தங்கமாக மின்னியது.

கத்தி கறுத்துவிட்டது.

"என்ன அம்பலம், இப்படி ஆயிருச்சு?"

"விளக்கு பித்தளை அண்ணாச்சி. இது இரும்பு."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கேட்டீகளா?"

அடுத்து அரிவாள் தீட்டுகிற கல்லை இழுத்துப் போட்டார். மணலைத் தூவினார். கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெட்டும் வாயை மட்டும் கல்லில் வைத்து, அரிவாளுக்குத் தீட்டுகிற மாதிரி தீட்டினார். தீப்பொறி பறந்தது. பல் கூசியது. மடத்து நாய் எழுந்து வெளியே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாழை இலையை நறுக்கிப் பார்த்தார். சர்ரென்று இறங்கியது.

"ஆச்சு!"

ஓடினார்.

"சாமி, கத்தி தயார்."

"தயாரா?"

"தயார் சாமி."

சாமி துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளித் தன் தலையில் விட்டுக்கொண்டார். பாறையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். பத்து நாள் முடி அதில் முளைத்திருந்தது.

"வாரும்."

"எங்க சாமி?"

"சிரையும்."

"உங்க தலையையா?"

"வெள்ளிக்கிழமை உம்ம தலையில வைக்கப்போற கத்தி. இன்னைக்கு என் தலையில வச்சுப் பாத்துருவோம். தயார்னு நீருதானே சொன்னீரு?"

சங்கரலிங்கம் கத்தியை விரித்தார். தலையில் வைத்தார். முதல் இழுப்பில் கத்தி வழுக்கியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் சாமியின் காதோரமாக ரத்தம் இறங்கியது.

"சாமி!"

"நிறுத்தாதேயும். இந்தப் பக்கம் இன்னும் இருக்கு."

"வேண்டாம் சாமி."

"பாதித் தலையோட நான் எப்படிப் பூசைக்கு நிக்க?"

சங்கரலிங்கம் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அம்பலவாணன் ஓடி வந்து வெட்டு விழுந்த இடத்திலெல்லாம் விபூதியை அப்பினான். சாமி அசையாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"வீட்ல கேட்டீரா?"

"எதை சாமி?"

"காவியை."

"சொல்லிட்டேன் சாமி. போன வாரமே ஆள் விட்டுச் சொல்லிட்டேன்."

"கேட்டீரா?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா சாமி. நான் எது சொன்னாலும் அவ மறுத்ததே இல்ல."

சாமி எழுந்தார். ஒரு பக்கம் கட்டையும் குட்டையுமாக முடி. இன்னொரு பக்கம் விபூதித் திட்டு. அதோடு பூசைக்குப் போய் நின்றார்.

சங்கரலிங்கம் பின்னாலேயே போனார்.

"சாமி, ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பிப் புதுக் கத்தி ஒண்ணு வாங்கிருவோம். பிளேடு மாட்டுறது. சுத்தமா இருக்கும்."

"வாங்கும். அப்படியே புது மடம் ஒண்ணும் கட்டிரும். புதுச் சாமி ஒருத்தரையும் பிடிச்சிரும்."

அதோடு பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மடத்து வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சங்கரலிங்கத்தின் மனைவி இறங்கினாள். இடுப்பில் சாவிக்கொத்து. பின்னால் நல்லெண்ணெய் டின்கள். நாலு வருஷமாகச் செக்கை ஓட்டுவது அவள்தான். முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்று ஊரில் பேச்சு.

"என்ன, மெலிஞ்சு போனீக?" என்றாள் கணவரைப் பார்த்து.

"இந்தா, நீ எதுக்கு வந்த? ஆள்தான் விட்டேனே."

"அதுக்குத்தான் வந்தேன். தாலி கட்டுனதுக்கும் வந்தேன். இதுக்கும் வர வேண்டாமா?"

அம்பலவாணன் சிரித்துவிட்டு, சங்கரலிங்கத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவள் வடிவேலுச் சாமியைக் கும்பிடக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் தலையைப் பார்த்தாள்.

"இது யாரு செஞ்ச வேலை?"

"உன் வீட்டுக்காரருதான் தாயி."

"அதானே பார்த்தேன். அவசரத்துல செஞ்சது மாதிரி இருக்கு."

"கத்தி சரியில்ல," என்றார் சங்கரலிங்கம்.

"காட்டுங்க."

"இந்தா, இதெல்லாம் உனக்குத் தெரியாது. சும்மா இரு."

"உங்க அப்பாவுக்கு யாரு சிரைச்சான்னு நினைக்கீக?"

"நாவிதர் வருவாரே. சுப்பையா."

"சுப்பையா வந்தது மாமா நடமாடுற வரைக்கும். கை கால் விழுந்த பிறகு அவுக யாரையும் கிட்ட விடல. வாய் கோணிப்போச்சுல்ல, வெளியாள் பார்க்கக் கூடாதுன்னு வீம்பு. புது பிளேடும் ஆகாது. அவுக கத்திதான் வேணும். ஆறு வருஷம் நான்தான் சிரைச்சேன்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க காலையில செக்குக்குப் போவீக. சாயந்தரம் கோயிலுக்குப் போவீக. ராத்திரி வந்து பார்க்கும்போது அவுக முகம் பளிச்சுன்னுதான் இருக்கும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சங்கரலிங்கம் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் வெளிச்சத்துக்குப் போனாள். கத்தியை விரித்தாள். வாயைப் பார்க்கவில்லை. முதலில் முதுகைப் பார்த்தாள். விரலை ஓட்டினாள்.

"முதுகுல ரெண்டு பக்கமும் பட்டை பட்டையா தேஞ்சிருக்கு பாருங்க. இதை வச்சிருந்தவர் கத்தியைப் படுக்க வச்சுத்தான் தீட்டியிருக்காரு. முதுகும் வாயும் சேர்ந்து கல்லுல பட்டிருக்கு. அப்படித்தான் இந்தக் கத்தியைச் செஞ்சிருக்கான். நடுவுல குழிச்சிருக்கான்ல, ரெண்டு பக்கமும்? அது அதுக்குத்தான்."

பிறகு வாயைப் பார்த்தாள். உச்சுக்கொட்டினாள்.

"முதுகைத் தூக்கிக்கிட்டு அரிவாள் மாதிரி தீட்டுனது யாரு?"

அம்பலவாணன் நாயைப் பார்த்தான். நாய் வாலை ஆட்டியது.

"கைப்பிடி என்னன்னு தெரியுமா?"

"கருங்காலி," என்றார் சங்கரலிங்கம். "பொதிகை மலைக் கருங்காலி. ஓடைச் சாமி அவர் கையாலயே செதுக்குனது."

அவள் அம்பலவாணனிடம் ஒரு ஊசியைக் காய்ச்சிக் கொண்டுவரச் சொன்னாள். கைப்பிடியின் உள்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஊசி முனையைத் தொட்டு எடுத்தாள். நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

சங்கரலிங்கம் மோந்தார். முகத்தைச் சுளித்தார்.

"மயிர் கருகுன நாத்தம்."

"மரம் இப்படி நாறாது. இது கொம்பு. எருமைக் கொம்பு."

அம்பலவாணன் இரண்டடி பின்னால் போனான். அந்த மடத்துக்குள் தோல் செருப்போடு யாரும் வர முடியாது. தோல் பெல்ட் போட்டவனை வாசலிலேயே அவிழ்க்கச் சொல்வான். நாலு வருஷமாக எருமைக் கொம்புக்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள்.

"சாமி..." என்றான்.

"என்ன?"

"எருமைக் கொம்பாம் சாமி."

"கேட்டேன். ஓடைச் சாமி அதைக் கையில பிடிச்சிக்கிட்டுத்தான் கரையேறினாரு."

அவள் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக் கத்தியை விரித்தபடி மூழ்க வைத்தாள்.

"நாளைக்குக் காலையில எடுக்கலாம்."

"நாளைக்குக் காலையில முகூர்த்தம்," என்றார் சங்கரலிங்கம்.

"அப்ப காலையில எடுக்கலாம்னுதானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. சங்கரலிங்கம் குளித்து, ஈரத் துண்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாம்பாளத்தில் காவி மடித்து வைத்திருந்தது. ஊர்ப் பக்தர்கள் வந்து இறங்கினார்கள். மடைப்பள்ளியில் பொங்கல் வாசனை.

அவள் ஓடைக்கரையில் இருந்தாள். எண்ணெயிலிருந்து கத்தியை எடுத்துத் துடைத்தாள். ஒரு தக்கையை எண்ணெயில் நனைத்து, விபூதித் தட்டிலிருந்து விபூதியைத் தொட்டு, கத்தியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இந்தா! அது பூசை விபூதி!"

"நைசா இருக்கு. கீறல் விழாது."

"பூசை விபூதியைக் கத்திக்கா?"

"சாமி தலையில நீங்க போட்ட வெட்டுக்கு எந்த விபூதி வச்சீக? அதேதான்."

சிவப்புப் போய்க் கறுப்பு வந்தது. கறுப்புப் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பிறகு இரும்பு தெரிந்தது. அங்கங்கே ஊசி குத்தின மாதிரி குழிகள்.

"குழி போகாது," என்றாள். "உடம்புல இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வாயில இருக்கக் கூடாது. வாயில இருக்குறது தேய்ஞ்சு மறையிற வரைக்கும் தேய்க்கணும்."

கத்தியின் கழுத்துப் பக்கம் துடைத்தபோது எழுத்துகள் வந்தன. ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் படம். சங்கரலிங்கம் குனிந்து எழுத்துக் கூட்டினார்.

"சோ... லிங்..."

"லிங்கம்!" என்று அம்பலவாணன் கத்தினான். பின்னால் நின்ற பக்தர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சோலிங்கன்," என்றாள் அவள். "ஜெர்மனியில ஒரு ஊரு. கத்திக்குப் பேர்போன ஊராம். மாமா கத்தியிலயும் இதே பேருதான் இருக்கும். கொழும்புல கடை வச்சிருந்தப்ப வாங்குனாக."

ஒரு பக்தர் யோசித்தார். "அப்ப ஓடைச் சாமிக்கு ஜெர்மனியிலயே அடியார்கள் இருந்திருக்காங்க."

"சந்தையில வாங்கியிருப்பாரு," என்றார் வடிவேலுச் சாமி.

சங்கரலிங்கம் பரபரத்தார்.

"சாமி, என்ன கத்தின்னு கேட்டீகளே. தெரிஞ்சிருச்சு. சீமைச் சவரக் கத்தி. கொம்புப் பிடி. சோலிங்கன்."

"ரொம்ப சந்தோஷம்."

"அப்ப முகூர்த்தத்துக்கு..."

"கத்தி வெட்டுதா?"

சங்கரலிங்கம் மனைவியிடம் திரும்பினார். அவள் பூசை அறையிலிருந்து சந்தனக் கல்லை எடுத்துவரச் சொன்னாள். எத்தனையோ வருஷம் சந்தனம் அரைத்து அரைத்துக் கண்ணாடி மாதிரி ஆன கல். கழுவினாள். தண்ணீர் விட்டாள். கத்தியைப் படுக்க வைத்தாள். முதுகும் வாயும் கல்லில் பட்டன. மெதுவாக முன்னால் தள்ளினாள். முதுகின் மேலேயே புரட்டினாள். மெதுவாகத் தன் பக்கம் கொண்டுவந்தாள். சத்தமே இல்லை.

"ஆச்சா?"

"ஆகல."

சங்கரலிங்கம் போய் மணி பார்த்துவிட்டு வந்தார்.

"ஆச்சா?"

"ஆகல."

"இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

"கத்திகிட்ட சொல்லுங்க."

அவர் பொறுக்க முடியாமல் அவள் எதிரே குந்தினார். "கொடு. எனக்குப் பலம் இருக்கு. நான் தேய்க்கிறேன்."

அவள் கொடுத்தாள். அவர் படுக்க வைத்தார். இரண்டு இழுப்பு சரியாக இழுத்தார். மூன்றாவதில் முதுகு கல்லை விட்டு எழும்பியது.

"தூக்குறீக."

"தூக்கினா வேகமா கூர் வரும்ல?"

"வரும். அன்னைக்கு வந்துச்சுல்ல, அது மாதிரி."

அவர் மறுபடி படுக்க வைத்தார். மறுபடி எழும்பியது. அவர் தூக்கவில்லை. கை தானாகத் தூக்கியது. அதை அவரே பார்த்தார். கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

மடத்துக்குள் மணி அடித்தது. முகூர்த்தம் வந்தது. பக்தர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. தள்ளினாள், புரட்டினாள், இழுத்தாள். முகூர்த்தம் போனது. பக்தர்கள் பொங்கல் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் பேருந்துக்குக் கிளம்பினார்கள். ஒருவர் போகிறபோது, "அடுத்த தடவை சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சங்கரலிங்கத்துக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது.

"வேணும்னுதானே செய்ற?" என்றார் மனைவியிடம். "நான் காவி கட்டக் கூடாதுன்னுதானே இழுத்துக்கிட்டே இருக்க?"

அவள் கையை நிறுத்தினாள்.

"வேண்டாம்னு சொல்றதா இருந்தா வாயால சொல்லத் தெரியாதா எனக்கு? கல்லை வச்சா சொல்வேன்?"

"பிறகு ஏன் சொல்லல?"

"கேட்டீகளா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கல்லாவுல இருந்தேன். மஞ்சப் பையோட வந்து நின்னீக. மடத்துக்குப் போறேன்னீக. நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள பஸ் ஏறிட்டீக. இப்ப ஆள் விட்டுச் சொன்னீக, வெள்ளிக்கிழமை காவின்னு. ரெண்டு தடவையும் சொன்னீக. எனக்கு சரியா, தப்பான்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கல." மறுபடி கத்தியைக் கல்லில் படுக்க வைத்தாள். "நகருங்க. வெளிச்சத்தை மறைக்கீக."

அவர் நகர்ந்தார். தூரப் போகவில்லை.

வெயில் ஏறி இறங்க ஆரம்பித்தபோது அவள் கல்லைக் கழுவி வைத்தாள்.

"இனி தோல் வேணும். வழவழன்னு தோல்ல தீட்டினாத்தான் சிரைக்கும். என்னைக் கூட்டிட்டுப் போக வந்த ஆட்டோக்காரன் பெல்ட் போட்டிருக்கான். வாங்கிட்டு வாங்க."

அம்பலவாணன் குறுக்கே வந்தான். "தோலை மட்டும் மடத்துக்குள்ள விட மாட்டேன் அம்மா. கொம்பு தெரியாம நடந்தது. இது தெரிஞ்சு செய்ய முடியாது."

"தோல் இல்லாம ஆகாதே."

அம்பலவாணன் வடிவேலுச் சாமியைப் பார்த்தான். சாமி தன் உள்ளங்கையை அவன் முன்னால் விரித்தார்.

"இது என்ன?"

"கை சாமி."

"மேல போத்தியிருக்கிறது?"

அம்பலவாணன் விழித்தான். "தோல்."

"நான் வெளிய போயிரட்டுமா?"

அம்பலவாணன் மடைப்பள்ளிக்குள் போய்விட்டான்.

அவள் எழுந்திருக்கவில்லை. பெல்ட்டும் வேண்டாம் என்றாள். இடது உள்ளங்கையை விரித்தாள். அதன்மேல் கத்தியைப் படுக்க வைத்தாள். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, இழுத்தாள். புரட்டினாள். இழுத்தாள்.

சங்கரலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கால் ஆடவில்லை. அவள் உள்ளங்கையில் மெல்லிசாக வெள்ளைக் கோடுகள் இருந்தன. பழைய கோடுகள். முப்பது வருஷம் அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவர் இப்போதுதான் பார்த்தார்.

"இது எப்ப?"

"பழகுனப்ப."

"வலிச்சிருக்குமே."

"மாமா திட்டுவாக. பேச்சு வராதுல்ல, கண்ணாலயே திட்டுவாக. அதுக்குப் பயந்தே சீக்கிரம் பழகிட்டேன்." சிரித்தாள்.

தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டாள். பாதி நரைத்த முடி. கத்தியை அதில் வைத்தாள். அழுத்தவில்லை. முடி இரண்டானது. கீழே விழுந்த பாதி ஓடையில் போனது.

வடிவேலுச் சாமி தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு பாறையில் வந்து உட்கார்ந்தார்.

"வா தாயி."

"நானா சாமி?"

"கத்தியைச் சரி பண்ணினவங்கதானே சிரைச்சுக் காட்டணும்?"

"பொம்பள சிரைக்கலாமா சாமி? மடம்."

"தலைக்குத் தெரியுமா அது?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "பயமில்லையே?"

"உன் வீட்டுக்காரருக்கே உட்கார்ந்தவன் நான்."

இடது கையால் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். கத்தியை வைத்தாள். காய்ந்த இலையில் மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம். வேறு சத்தம் இல்லை. பழைய வெட்டு வந்த இடத்தில் கத்தி தானாகச் சுற்றிப் போனது. கட்டையும் குட்டையுமாக நின்றதெல்லாம் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முடிந்ததும் சாமி தலையைத் தடவிப் பார்த்தார்.

அவள் கத்தியைக் கழுவ ஓடைக்குள் இறங்கினாள்.

சங்கரலிங்கம் சாமியின் காலடியில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி."

"சொல்லும்."

"கத்தி சரியாயிருச்சு."

"ஆயிருச்சு."

"இனி தடை ஒண்ணும் இல்லையே? அடுத்த முகூர்த்தம் எப்போ சாமி?"

"என்னைக் கேட்டா?"

"வேற யாரைக் கேக்க சாமி?"

"கத்தி யாருகிட்ட இருக்கு?"

சங்கரலிங்கம் ஓடைப் பக்கம் பார்த்தார். "அவகிட்ட."

"எவகிட்ட?"

"வீட்டுலகிட்ட."

"வீட்டுலன்னா? சுவரா, கதவா?"

சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார்.

"போம். கத்தியைச் சரி பண்ணினது யாரோ அவங்களைக் கேளும். என்ன சொன்னாலும் எனக்குச் சரி. பேர் சொல்லிக் கேளும்."

சங்கரலிங்கம் எழுந்தார். ஓடைக்கரைக்குப் போனார். அவள் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். தண்ணீருக்குள் கத்தியை அலசிக்கொண்டிருந்தாள். அவர் கரையில் நின்றார். வெகுநேரம் நின்றார். சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு சங்கரலிங்கத்தின் குரல் வந்தது.

"செண்பகவல்லி."